வென்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சுச்சளி: தட்டுவதா, உறிஞ்சுவதா, உட்காரவைப்பதா?

மேல்மலையனூர் வட்டத்து மக்களுக்கு ஐசியூ என்பது வெளியூர்ச் சமாச்சாரம். பூச்சிமருந்து உள்ளே போனவர், கட்டுவிரியன் கடித்தவர், நிமோனியா முற்றியவர், சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர் என யாராக இருந்தாலும், முதலுதவி முடிந்ததும் 108 வண்டி அவரை ஏற்றிக்கொண்டு முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓடும். மறுநாள் ஊரில் விசாரிப்பவர்களுக்கு வீட்டார் ஒரே வரியில் பதில் சொல்வார்கள்: "மெஷின்ல வச்சிருக்காங்க."

அந்த மெஷின் காற்றை உள்ளே அனுப்பும், வெளியே விடும். இருமுவது அதன் வேலையில்லை. நெஞ்சில் தேங்கும் சளியை வெளியே கொண்டுவருவதும், அமுங்கிப்போன நுரையீரல் பகுதியை மறுபடி விரியச் செய்வதும், படுத்தே கிடப்பதால் கரையும் தசையைக் காப்பதும் மனிதக் கைகளின் பொறுப்பு. நெஞ்சு இயன்முறை சிகிச்சை என்ற பெயரில் நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்துவந்த இந்த வேலையில் எந்த முறை பயன் தருகிறது, எது வெறும் பழக்கமாக நீடிக்கிறது, எது ஆபத்தாகவும் முடியலாம் என்பதை இதுவரை வந்த ஆய்வுகளின் துணையோடு பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சளி ஏன் தேங்குகிறது

நலமாக இருப்பவரின் மூச்சுக்குழாய்ச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, சளியைத் தொண்டைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். மிச்சத்தை இருமல் பார்த்துக்கொள்ளும். தொண்டை வழியே குழாய் இறங்கியதும் இரண்டு ஏற்பாடுகளும் முடங்குகின்றன. குரல்வளை மூடித் திறந்தால்தான் இருமலுக்கு விசை கிடைக்கும். நடுவில் குழாய் இருப்பதால் அது மூட முடியாது. மூக்கைத் தாண்டி நேராக நுழையும் காற்றுக்குப் போதிய ஈரமும் சூடும் கொடுக்காவிட்டால் நுண்மயிர்கள் சோர்ந்து, சளி பிசினாக இறுகும். மயக்க மருந்து இருமல் உணர்வையே அடக்கிவிடும். மல்லாந்து படுத்திருப்பதால் நுரையீரலின் முதுகுப்பக்க அடிப்பகுதி அமுங்கும். குழாயைச் சுற்றியுள்ள பலூன் வளையத்தின் ஓரமாக வாய் எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் சொட்டுச் சொட்டாகக் கீழே கசியும்.

ஒரு கிளைக்குழாயைச் சளி அடைத்துவிட்டால், அதற்கப்பால் உள்ள காற்றறைகளில் இருக்கும் காற்று சிறிது நேரத்தில் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு அந்தப் பகுதி சுருங்கிவிடும். அங்கே கிருமி பெருகினால் வென்டிலேட்டர் நிமோனியா. இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் அறுக்கலாம் என்பதுதான் எல்லா முறைகளுக்கும் பொதுவான கேள்வி.

படுக்க வைக்கும் விதம்

உடலைச் சாய்த்துச் சளியை வடியவைக்கும் முறையை 1901-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் எவர்ட் எழுதி வைத்தார். எந்த நுரையீரல் மடல் மேலே இருக்கிறதோ, அதன் சளி புவியீர்ப்பால் பெரிய குழாய்க்கு இறங்கும் என்பதே அதன் அடிப்படை. 1952-இல் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியபோது, பியோன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவரின் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் ரப்பர் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய ஐசியூ பிறந்தது அங்கேதான். சளியை வடியவைப்பதும் உறிஞ்சி எடுப்பதும் அன்றே அந்தப் பராமரிப்பில் சேர்ந்திருந்தன.

தலையைத் தாழ்த்தி வடியவைக்கும் பழைய முறை வென்டிலேட்டர் நோயாளிக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. வயிற்றில் உள்ளது மேலேறும். தலையில் அடிபட்டவருக்கு மூளை அழுத்தம் கூடும். அதற்கு நேர்மாறாகத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 1999-இல் ஸ்பெயினிலிருந்து வெளிவந்த 86 பேர் கொண்ட ஆய்வில், மல்லாந்து படுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கு நிமோனியா சந்தேகிக்கப்பட்டது. தலை உயர்த்தப்பட்டவர்களில் அது 8 சதவீதம்தான். கருவி எதுவும் வேண்டாம், கட்டிலின் கைப்பிடியைச் சுற்றினால் போதும். அதனாலேயே எளிதில் மறந்துபோகும் சிகிச்சையும் இதுதான்.

ஒருபக்க நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால், நல்ல பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவைப்பது பொது விதி. கீழ்ப்பக்கத்துக்கு இரத்தம் கூடுதலாகப் போகும் என்பதால் ஆக்சிஜன் ஏறும். மேலே இருக்கும் கெட்ட பக்கத்தின் சளியும் வடியும். நுரையீரல் இருபுறமும் கடுமையாக வீங்கிய நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது தனி ரகம். 2013-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் தலைமையில் 466 பேரிடம் நடந்த ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு வீடுகள் வரை இந்த முறை தெரிந்துபோனது.

தட்டுதலும் அதிர்வும்

நெஞ்சு சிகிச்சை என்றதும் பலர் மனத்தில் வருவது குவித்த உள்ளங்கையால் முதுகில் தட்டும் காட்சி. மடித்த துணியின் மேல், விலா எலும்புப் பகுதியில் மட்டும், முதுகெலும்பையும் சிறுநீரகப் பகுதியையும் தவிர்த்துத் தட்டுவது முறை. தட்டுவதோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் வென்டிலேட்டர் நோயாளிக்குப் பெரிய பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. விலா முறிவு, இரத்தத் தட்டணுக் குறைவு, சளியில் இரத்தம், முதுகெலும்புக் காயம், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது கேடும் செய்யலாம்.

மூச்சு வெளிவரும் நேரத்தில் மட்டும் இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்து அழுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் வேகமாக ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் சேறு நகரும். மூச்சுக்குழாய்ச் சளியும் அப்படியே. வெளிவரும் காற்றின் உச்ச வேகம் உள்ளே போகும் காற்றின் உச்ச வேகத்தைவிடக் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது கூடினால் சளி வாயை நோக்கி நகரும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. உள்ளே போகும் காற்று வேகமாக இருந்தால் சளி இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்படும். அதிர்வோ அழுத்தமோ அந்த வேக வித்தியாசத்தை உண்டாக்கினால்தான் பலன். மூச்சு உள்ளே போகும்போது அழுத்துகிற கை வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுகிறது.

பையை அழுத்தி விரிவடையச் செய்தல்

1968-இல் கிளெமென்ட், ஹூப்ஷ் என்ற இருவர் எழுதிய கட்டுரை, பையை அழுத்தி நுரையீரலை விரிவடையச் செய்யும் முறையை இயன்முறை உலகில் பரவலாக்கியது. இதை நன்றாகச் செய்வதற்கும் ஏனோதானோவென்று செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டிலருகே நின்றால்தான் பார்க்க முடியும்.

முதலில் ஸ்டெதஸ்கோப் தொண்டைக்குழிக்கு மேலே போகும். அங்கே கரகரவென்று சத்தம் கேட்டாலோ, வென்டிலேட்டர் திரையில் காற்றோட்டக் கோடு ரம்பப் பல்போல நெளிந்தாலோ, பெரிய குழாயில் சளி இருக்கிறது என்று அறியலாம். பிறகு நூறு சதவீத ஆக்சிஜன். ஒருவர் குழாயை வென்டிலேட்டரிலிருந்து கழற்றி கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கில் மாட்டுகிறார். இன்னொருவரின் இரண்டு கைகளும் விலாவின் இருபுறமும் அமர்கின்றன. பை மூன்று விநாடி மெதுவாக அழுத்தப்பட்டு, வழக்கமான மூச்சளவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று போகிறது. இரண்டு விநாடி நிறுத்தம்; மூடிக் கிடந்த காற்றறைகளுக்குப் பக்கவாட்டு வழிகளில் காற்று பரவ அந்த இடைவெளி வேண்டும். பிறகு பை சட்டென்று விடப்படுகிறது. விடும் அதே கணத்தில் விலாவில் இருந்த கைகள் உள்நோக்கி அதிர்கின்றன. ஐந்தாறு சுற்றுக்குப் பின் குழாயிலேயே சளியின் சலசலப்பு கேட்கும். அப்போதுதான் சளியை உறிஞ்சும் சக்‌ஷன்.

அவசரத்தில் பையை வேகமாக அழுத்தி மெதுவாக விட்டால் மேலே சொன்ன வாய்க்கால் கணக்கு தலைகீழாகிவிடும். அழுத்தம் எவ்வளவு போகிறது என்று கைக்குத் தெரியாது என்பதால் பையோடு ஓர் அழுத்தமானி வேண்டும். 40 சென்டிமீட்டர் நீரழுத்தம் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உச்சவரம்பு. நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவு, நிலையற்ற இரத்த அழுத்தம், கடும் இளைப்பு, உயர்ந்த மூளை அழுத்தம், மூச்சு வெளிவந்த பின்னும் நுரையீரலை விரிந்தபடி வைத்திருக்கும் பீப் அழுத்தம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கும் நிலை ஆகியவை இந்த முறைக்குத் தடை.

குழாயைக் கழற்றாமல் வென்டிலேட்டரின் அளவுகளையே தற்காலிகமாக மாற்றி இதே விரிவை உண்டாக்கலாம். 2002-இல் ஆஸ்திரேலியாவின் பெர்னியும் டெனெஹியும் இரண்டையும் ஒப்பிட்டு, சளி வெளியேற்றத்திலும் நுரையீரல் நெகிழ்விலும் இரண்டும் சமமே என்று கண்டார்கள். அழுத்தம் திரையில் தெரிவதும் பீப் கைவிட்டுப் போகாததும் இதன் கூடுதல் நன்மை. அழுத்தமானி இல்லாத வார்டுகளுக்கு இதுவே பாதுகாப்பான வழி.

சக்‌ஷன்: தேவைக்கு மட்டும்

சளியை வெளியே எடுக்கும் கடைசிப் படி சக்‌ஷன். எல்லா ஐசியூவிலும் அன்றாடம் நடப்பதாலேயே அதில் கவனம் தளர்கிறது. சக்‌ஷன் குழாயின் பருமன், மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் டியூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஒருமுறைக்கு 15 விநாடிக்குமேல் போகக் கூடாது. முன்னும் பின்னும் ஆக்சிஜன் கூட்ட வேண்டும். சளியை இளக்குகிறேன் என்று ஒவ்வொரு முறையும் உப்புநீர் விடும் பழக்கத்தை வழிகாட்டுதல்கள் ஆதரிக்கவில்லை. சளி இறுகக் காரணம் காற்றில் ஈரம் குறைந்ததுதான் என்றால், அதை ஈரப்பதக் கருவியிலோ ஈரவடிகட்டியிலோதான் சரிசெய்ய வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை என்று கடிகாரம் பார்த்துச் செய்வதைவிட, சத்தமும் திரைக்கோடும் சொல்லும்போது செய்வதே சரி. தேவையில்லாத ஒவ்வொரு சக்‌ஷனும் ஆக்சிஜனை இறக்கும், மூச்சுக்குழாய்ச் சுவரைக் கீறும், சில சமயம் இதயத் துடிப்பையும் தடுமாறவைக்கும்.

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன

எல்லாவற்றையும் சேர்த்துத் தினமும் செய்தால் நோயாளிக்கு நன்மையா என்ற பெரிய கேள்விக்கு நான்கு ஆய்வுகள் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

2002-இல் நூமெனோபூலோஸ் குழுவினர் 60 பேரிடம் செய்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 39 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. வித்தியாசம் பெரியதுதான், ஆனால் எண்ணிக்கை சிறியது, குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வும் அல்ல. 2007-இல் பிரிட்டனில் டெம்பிள்டனும் பலாஸோவும் 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, நெஞ்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு வென்டிலேட்டரிலிருந்து விடுபட இடைநிலை அளவாக 15 நாளும், பெறாதவர்களுக்கு 11 நாளும் ஆனது. 2009-இல் ஆஸ்திரேலியாவில் மூளைக்காயம் அடைந்த 144 பேரிடம் பட்மான் குழு செய்த ஆய்வில் நிமோனியாவைத் தடுப்பதிலோ குணமாவதை விரைவுபடுத்துவதிலோ பலன் தெரியவில்லை. 2010-இல் கர்நாடகத்தின் பெலகாவியில் பட்டணஷெட்டியும் காவ்டேயும் 101 பேரிடம் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு பிரிவுக்குப் பையால் விரிவாக்கமும் சக்‌ஷனும் மட்டும்; இன்னொரு பிரிவுக்கு அவற்றோடு படுக்கை நிலை மாற்றமும் நெஞ்சு அதிர்வும், நாளுக்கு இருமுறை. முதல் பிரிவில் இறந்தவர்கள் 49 சதவீதம், இரண்டாம் பிரிவில் 24 சதவீதம்.

முரண்பாட்டுக்குக் காரணம் தேடினால் மூன்று தென்படுகின்றன. முதலாவது, "சிகிச்சை பெறாத" பிரிவு எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. ஒரு செவிலியர் ஒரே நோயாளியைப் பார்க்கும் ஐசியூவில் திருப்பிப் படுக்கவைப்பதும் சக்‌ஷனும் தானாகவே நடந்துவிடும். ஒரு செவிலியர் பல நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில், இயன்முறை சிகிச்சையாளர் வந்து நிற்கும் இருபது நிமிடம் முழுக்க முழுக்கக் கூடுதல் பராமரிப்பாகிவிடும். இரண்டாவது, சளியே இல்லாதவருக்கும் நெஞ்சு முழுக்கச் சளி உள்ளவருக்கும் ஒரே அட்டவணை கொடுத்து, சராசரி எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது, ஒரே பெயரில் வெவ்வேறு செயல்கள் செய்யப்பட்டன.

குறிப்பான கோளாறுக்குக் குறிப்பான சிகிச்சை கொடுத்த இடத்தில் ஆதாரம் தெளிவடைகிறது. 1979-இல் அமெரிக்காவின் மரினி குழு, ஒரு மடல் திடீரெனச் சுருங்கிய 31 பேரிடம் மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுச் சளியை எடுக்கும் பிராங்கோஸ்கோப்பியையும் நெஞ்சு சிகிச்சையையும் ஒப்பிட்டது. இரண்டும் சமமாகவே பலனளித்தன. நடு இரவில் பிராங்கோஸ்கோப்பிக்கு ஆள் கிடைக்காத மாவட்ட மருத்துவமனைக்கு இந்த முடிவின் மதிப்பு மிகப் பெரிது. கேத்தி ஸ்டில்லர் 2000-இலும் 2013-இலும் வெளியிட்ட தொகுப்பாய்வுகளைப் படித்தால், எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு என்ற பழக்கத்திலிருந்து, தேர்ந்தெடுத்துச் செய்வதற்கும் நோயாளியை எழுப்பி நடமாடவைப்பதற்கும் இந்தத் துறையே நகர்ந்திருப்பது தெரியும்.

எழுப்பி உட்காரவைத்தல்

2009-இல் ஷ்வைக்கர்ட் குழு அமெரிக்காவில் 104 பேரிடம் செய்த ஆய்வில், மயக்க மருந்தைத் தினமும் நிறுத்திச் சீக்கிரமே உடற்பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதத்தினர் மருத்துவமனையை விட்டுப் போகும்போது தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருந்தார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். அந்த உற்சாகத்துக்கு 2022-இல் ஒரு கடிவாளம் வந்தது. 750 பேரிடம் நடந்த 'டீம்' என்ற ஆய்வில், வழக்கத்தைவிடத் தீவிரமாக நடமாடவைத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பாதகமான நிகழ்வுகள் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் கூடின. உட்காரவைப்பது நல்லது, நாளுக்கு நாள் அளவோடு ஏற்றவும் வேண்டும், நோயாளியின் நிலையை மீறித் தள்ளக் கூடாது என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம்.

வென்டிலேட்டரை விட்டு இறங்கச் சிரமப்படுபவர்களுக்கு மூச்சுத்தசைப் பயிற்சியும் உண்டு. சிறு தடைக் கருவிக்கு எதிராக மூச்சை இழுக்கவைக்கும் இந்தப் பயிற்சியை 2011-இல் மார்ட்டின் குழு 69 பேரிடம் சோதித்தது. பயிற்சி பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும் மற்றவர்களில் 47 சதவீதத்தினரும் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள்.

நம் வட்டாரத்து நோயாளிக்கு எது

செஞ்சி, மேல்மலையனூர் போன்ற விவசாய வட்டாரங்களிலிருந்து வென்டிலேட்டருக்குப் போகிறவர்களில் இரு வகையினரைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒருவர், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்டவர். முதல் மணிநேரங்களில் அவர் நெஞ்சு முழுக்க நீர்த்த சுரப்பு பொங்கும். அதைக் கட்டுப்படுத்துவது அட்ரோபின். அந்த நேரத்தில் தட்டிக்கொண்டிருப்பது பயனற்றது, சக்‌ஷனும் ஆக்சிஜனும் போதும். அட்ரோபின் ஏறிய பிறகு அதே சுரப்பு கெட்டியாகிக் குழாயை அடைக்கத் தொடங்கும். ஈரப்பதம், படுக்கை நிலை, விரிவாக்கம், அதிர்வு ஆகியவற்றுக்கு வேளை அதுதான். ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் இன்னொரு கண்டமும் காத்திருக்கிறது. இலங்கையின் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987-இல் விவரித்த இடைக்கால நோய்க்குறி அது: தேறிவருவதாகத் தெரிந்த நோயாளியின் கழுத்தும் தோளும் மூச்சுத்தசையும் மறுபடி தளரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியாது. தினமும் கட்டிலருகே வரும் இயன்முறை சிகிச்சையாளர் இந்த எளிய சோதனையைச் செய்து மருத்துவரிடம் சொன்னால், அவசரப்பட்டு டியூபை எடுத்து மறுபடி போடும் அவதியைத் தவிர்க்கலாம்.

மற்றவர், கட்டுவிரியன் கடித்தவர். இவர் நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தசைகள்தான் செயலிழந்திருக்கும். முறையாக ஒருக்களித்துத் திருப்புவதும், நுரையீரலை அமுங்கவிடாமல் காப்பதும், மூட்டுகளை அசைத்துக்கொடுப்பதும், தசை மீளும்போது இருமலுக்குத் துணை செய்வதும் இவருக்குத் தேவை. இருமல் உதவிக் கருவி இருந்தால் இத்தகையவர்களுக்கு நல்லது. 2012-இல் போர்ச்சுகலில் டியூப் எடுத்தபின் அதைப் பயன்படுத்திய ஆய்வில், மறுபடி டியூப் போட நேர்ந்தவர்கள் 48 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இமைகூடத் திறக்க முடியாத இந்த நோயாளிக்கு நினைவு முழுக்க இருக்கலாம், நாம் பேசுவதெல்லாம் காதில் விழலாம். தொடுவதற்கு முன் "அண்ணே, இப்ப உங்களத் திருப்பிப் படுக்க வைக்கப்போறேன், சளி எடுக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுவது சிகிச்சையின் பகுதி.

செய்ய வேண்டியவை

வென்டிலேட்டர் வாங்குவது செய்தியாகிறது. அதன் பக்கத்தில் நிற்கும் கைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இயன்முறை உள்ளிட்ட துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இயன்முறை சிகிச்சை தமிழ்நாட்டுக் கிராம வீடுகளுக்கே வருகிறது. நடுவில் உள்ள மாவட்ட ஐசியூவில், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நெஞ்சு சிகிச்சை தெரிந்த ஒருவர் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சளி தேங்குவதற்கு வார நாள் தெரியாது.

ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டியவை ஐந்து. தலை உயர்த்துவதும் திருப்பிப் படுக்கவைப்பதும் ஈரப்பதம் காப்பதும் எல்லா நோயாளிக்கும் நாள்முழுக்க நடக்க வேண்டும். விரிவாக்கமும் அதிர்வும் சக்‌ஷனும், நெஞ்சைக் கேட்டுப் பார்த்துத் தேவை தெரிந்தவருக்கு மட்டும். அம்பு பேக் பயன்படுத்தும் ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அழுத்தமானி. அதைப் பயன்படுத்தும் செவிலியருக்கும் சிகிச்சையாளருக்கும் ஒன்றாகப் பயிற்சி. வீடு திரும்புகிறவரின் பெயர் அவர் ஊருக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் குழுவிடம் சேர்ந்துவிட வேண்டும். ஐசியூவில் கரைந்த தசை வீட்டில்தான் மாதக்கணக்கில் மீள்கிறது.

எல்லா நோயாளியையும் ஒரே மாதிரித் தட்டிவிட்டுப் போவது சிகிச்சை ஆகாது என்பதை ஐம்பதாண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒன்றுமே செய்யாமல் மெஷினை மட்டும் நம்பியிருப்பதற்கு அவை அனுமதி தரவுமில்லை. நோயாளியைத் தினமும் சோதித்து, அன்று அவருக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துச் செய்யத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மாவட்ட ஐசியூவிலும் எந்நேரமும் இருப்பது, மேல்மலையனூரிலிருந்து அனுப்பப்படும் உயிருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.